ஆறாம் தொட்டி மீன்

கொடுவா மீனின் தீவனத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் எவ்வளவு சேர்த்தால் போதும்? இதைக் கண்டுபிடிக்கக் கடலோரப் பண்ணையில் ஆறு தொட்டிகள் வைத்திருந்தார்கள். முதல் தொட்டிக்குக் கொஞ்சம், அடுத்தடுத்ததற்குக் கூடுதல், ஆறாவதற்கு அள்ளி அள்ளி.

தீவனம் போடுகிற பிரகாசியை டைரக்டர் ஞானசிகாமணி கூப்பிட்டார்.

"நிறையப் போட்டா நிறைய வளரும்னு நான் பேப்பரே எழுதிட்டேன். நாளைக்கு மேலதிகாரிங்க வர்றாங்க. நாலாம் தொட்டி மீனைவிட ஆறாம் தொட்டி மீன் பெருசா இருக்கணும். இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

"பெரிய மீனாக் கொண்டாந்து வைக்கிறேன் சார்."

மறுநாள் அதிகாரிகள் முன்னால் இரண்டு வாளிகள் வந்தன. டைரக்டர் பெரிய மீனைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, ஆறாம் தொட்டி! என்ன மினுமினுப்பு! எல்லாம் லைசின் செய்த வேலை!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

தொட்டிக்கு ஒரு வாளி, அடியில் தொட்டியின் எண். அது பண்ணை வழக்கம். பிரகாசி அந்த மீனிருந்த வாளியின் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தாள். அடியில் பெரிதாக நாலு.

"என்ன இது?" என்றார் டைரக்டர்.

"பெரிய மீன் நாலாம் தொட்டியிலதான் இருந்துச்சு சார். உங்க பேப்பரை அது படிக்கல."