கோணக்கால் சேவல்

கோகிலாமணியிடம் கோழி வளர்க்கக் கற்றுக்கொள்ள வந்தார் நாச்சிமுத்து. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு முப்பத்தாறு. லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன் ஒரு பெண்பிள்ளை முன்னால் கைகட்டி நிற்கிறார் என்று ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. ஆரம்பத்தில் அவரிடம் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

அவள் வளர்த்தது சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி. உடம்பு சின்னது. அடைக்கு உட்கார்ந்தால் தீனிக்குக்கூட அவசரமாக எழுந்து அவசரமாகத் திரும்பும். அசல் சிறுவிடை இப்போது லேசில் கிடைப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் பண்ணைச் சேவல் கலந்துவிட்டது.

ஒரு சேவல், ரெண்டு பெட்டை. அவர் கையில் கொடுத்தாள். விலை கேட்டார்.

“விலையெல்லாம் இல்லீங்ணா. முதல் அடையில பொரிக்கறதுல ஒரு ஜோடியை வேற ஊர்ல ஒருத்தருக்குக் குடுத்துரோணும். அவ்வளவுதான்.”

“எப்படிப்பட்ட ஆளுக்கு, அம்மிணி?”

“ஆளைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே.”

முதல் அடையில் ஒன்பது குஞ்சு பொரித்தது. மண் பட்டால் அழுக்காகும் என்று பெட்டிக்குள் வழவழப்பான பேப்பர் விரித்து வளர்த்தார். ஒரு சேவல் குஞ்சுக்கு மட்டும் கால் கோணிக்கொண்டது. மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அங்கேதான் வம்பு.

“ஜோடி போயிருச்சுங்களாண்ணா?”

“யாருக்கு அம்மிணி குடுக்கறது? ஒருத்தன் பண்ணைச் சேவலோட சேத்து விட்டுருவான். ஒருத்தன் கொழம்பு வெச்சுருவான். எங்கிட்ட இருந்தாத்தான் பத்திரம்.”

“சரிங்ணா.”

ஒவ்வொரு வாரமும் அவள் கேட்டாள். ஒவ்வொரு வாரமும் அவர் அதையே சொன்னார். ஆடி மாசம் அவருக்கே அலுத்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மச்சினன் துரைசாமிக்கு ஒரு ஜோடி கொண்டுபோய்க் கொடுத்தார். கோணக்கால் சேவலும், இருக்கிறதிலேயே நோஞ்சான் பெட்டையும்.

“குடுத்துட்டேன் அம்மிணி.”

“எதைங்ணா?”

“ஒரு ஜோடி.”

“நல்லதுங்ணா.”

அவள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மாசியில் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிநோய் வந்தது. அந்தத் தவணைத் தடுப்பூசியை, கோயில் நோம்பி முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர் நாச்சிமுத்துதான். ஒரு பெட்டை தலையைத் தொங்கப்போட்டதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துண்டில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு நேராகக் கோகிலாமணியின் வாசலுக்கு வந்தார்.

“இதுக்கு என்னாச்சுன்னு பாருங்க அம்மிணி!”

“ஐயோ, இங்க எறக்கா…”

இறக்கிவிட்டார்.

பத்து நாள். அவருடைய முப்பத்தொன்றும் போயிற்று. அவளுடையதில் ஊசி போட்டிருந்தவையும் தாங்கவில்லை. மிஞ்சியது ஒரு கிழட்டுப் பெட்டை. அது முட்டை இடுவதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

குழியை அவள்தான் வெட்டினாள். அவர் விளிம்பில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“நான்தான் கொண்டாந்து போட்டேன்.”

“ஆமாங்ணா.”

“நாலு சாத்து சாத்துங்க அம்மிணி. மனசு ஆறும்.”

“உங்களைச் சாத்துனா கோழி எந்திரிக்குமா? சுண்ணாம்பை இன்னும் ரெண்டு கூடை கொட்டுங்க.”

பிறகு உள்ளே போய் டீ போட்டு வந்தாள். டம்ளரை அவர் பிடிக்கும்வரை அவள் விடவில்லை.

“வம்சமே போச்சே அம்மிணி. நீங்க எப்படி அழாம இருக்கீங்க?”

“நான் குடுத்தது ஏழு ஊர்ல கூவுதுங்ணா. போய் வாங்கிக்குவேன்.”

“நானும் கூட வர்றேன். எனக்கும் ஒரு ஜோடி…”

“நீங்க குடுத்த ஊட்டுக்கு நீங்க போங்க.”

நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது… அவ்வளவு சரியான ஜோடி இல்லீங்க.”

“தெரியுமுங்.”

“எப்படி?”

“நீங்க குடுத்தேன்ன அப்புறம் உங்க கோழிக் கொட்டாய்ல கோணக்காலை நான் பாக்கவே இல்லையே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அந்தக் கோணல் குஞ்சுகளுக்கும் வருமில்ல?” என்றார்.

“வராதுங்ணா. அது பொறப்புல வந்ததில்ல. நீங்க விரிச்ச பேப்பர்ல வழுக்குனது.”

கொட்டாய்க்குச் சுண்ணாம்பு அடித்து மூன்று மாசம் காலியாகப் போட்டார். போகாமல் இருக்க நூறு காரணம் யோசித்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. ஒரு நாள் குளித்து, புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார்.

துரைசாமி வீட்டு முருங்கை மரத்தடியில் பதினான்கு சிறுவிடை மேய்ந்துகொண்டிருந்தன. மதில்மேல் ஒன்று கோணலாக நின்று கூவியது.

“மாப்ளே, இதை இன்னும் அறுக்கலையா?”

“அறுக்கலாம்னுதான் வாங்குனேன் மாமா. எங்க பாப்பா பேரு வெச்சுட்டா. பேரு வெச்சதை எப்படி அறுக்கறது?”

“என்ன பேரு?”

“நாச்சிமுத்து.”

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“காலு கோணல்னு தெரிஞ்சேதான் மாப்ளே உனக்குக் குடுத்தேன்.”

“அது எறங்கி நாலு எட்டு வெச்சப்பவே தெரிஞ்சுது மாமா. உள்ள வாங்க, சோறு ஆறுது.”

அக்கரையிலிருந்து திரும்பிய நாலாவது வாரம் அவர் கோகிலாமணி வீட்டு வாசலில் கூடையோடு நின்றார். வண்டியை வெளியிலேயே நிறுத்தியிருந்தார்.

“எறக்கலாமா அம்மிணி? மூணு வாரம் தனியா வெச்சுப் பாத்துட்டுத்தான் உங்களுக்குக் காட்டக் கொண்டாந்தேன்.”

“எறக்குங்கண்ணா.”

அவள் மூடியைத் திறந்தாள். செம்பு நிறக் கழுத்தோடு ஓர் இளஞ்சேவல். கால் ரெண்டும் நேராக இருந்தன. பக்கத்தில் ஒரு பெட்டை.

“நல்லதாவே குடுத்திருக்காரு.”

“ஒண்ணு கேக்கோணும் அம்மிணி. இதுக முதல் அடை வெச்சா, அதுல எந்த ஜோடியை நான் வெளிய குடுக்கறது?”

“இந்தச் சேவலை உங்க மச்சினரு எப்படிப் பொறுக்குனாரு?”

“நான் ஓரமா நின்ன ஒண்ணைக் காட்டி, இது போதும் மாப்ளேன்னேன். அவன் கேக்கலை. தொரத்தித் தொரத்தி இதைப் புடிச்சான். பாப்பா, இதைக் குடுக்க வேண்டாம்ப்பான்னு அழுது அவன் கையைக் கடிச்சே வெச்சுட்டா. பல்லு பதிஞ்சிருச்சு. அப்பவும் அவன் விடலை. எங்கிட்டத்தான் குடுத்தான்.”

கோகிலாமணி கூடையை மெதுவாக மூடினாள்.

“அப்புறம் என்னங்ணா எங்கிட்டக் கேக்கறீங்க?”