ஈயம் என்றால் ஈயம்தானே

"ஈயச் சொம்பில் வைக்கிற ரசம் ருசிக்கலையா? அப்போ ஈயக் குழாயில் வர்ற தண்ணிக்கு என்ன குறை?"

மாடிப்படி இறங்கிய பூங்கோதையின் காதில் இது விழுந்தது. இடித்த பங்களாவிலிருந்து மலிவாக வாங்கிய குழாய்களைக் குடிதண்ணீருக்குப் பொருத்தச் சொல்லிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர் கனகசபாபதி. பிளம்பர் அந்தோணி தலையைச் சொறிந்தார். ஈயம் நல்லதா, கெட்டதா? குடித்தனக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிடிக்காதவங்க காலி பண்ணலாம்."

பூங்கோதையின் இடுப்பில் கைக்குழந்தை.

"பிடிக்காம என்ன சார்! எங்க ஈயச் சொம்பு அடுப்பில் உருகிப்போச்சு. இதில் ஒரு துண்டு கொடுங்க. பாத்திரக்காரர்கிட்ட புதுச் சொம்பு வார்த்து வாங்கிக்கிறேன். முதல் ரசம் உங்களுக்குத்தான்."

"நல்ல ஆளும்மா நீ! சொம்பு செய்யறது வெள்ளீயம். இது காரீயம். உடம்புக்கு விஷம்!"

சொல்லி முடித்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தார்.

"அப்போ நான் எதைத்தான் மாட்டறது சார்?" என்றார் அந்தோணி.

கனகசபாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாய்களை ஒவ்வொன்றாகத் தானே தெருவுக்குத் தூக்கிப் போனார்.