டிப்போ மேனேஜர் பார்த்த டூரிஸ்ட்

சங்குமேட்டுக் கடற்கரை அழகுதான். ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், அப்புறம் மணலில் நடராஜா சர்வீஸ். மீன்கூடை சுமந்தே கழுத்து சுளுக்கிப்போன சவேரியம்மா, ஒருநாள் டிப்போ மேனேஜர் குருபாதத்திடம் நேரே போய், ஊருக்குள் பஸ் விடச் சொல்லிக் கேட்டுவிட்டாள்.

"முதல்ல உங்க ஊர்ல ஒரு டூரிஸ்டைக் காட்டு. அப்புறம் பஸ் கேளு" என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்தபடி.

பஸ் இல்லாத ஊருக்கு எந்த டூரிஸ்ட் வருவான்? சவேரியம்மா வாதாடவில்லை. "புதன்கிழமை வாங்கய்யா, காட்டுதேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போனாள்.

புதன்கிழமை மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கினார் குருபாதம். கரையில் இழுத்துப் போட்ட ஒரு வள்ளமும், நண்டும் காக்கையும்தான்.

"எங்கம்மா உன் டூரிஸ்ட்?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வள்ளத்துக்கு அந்தப் பக்கம், நிழல்ல சாப்பிடுதாங்கய்யா."

எட்டிப் பார்த்தவரின் சிரிப்பு அப்படியே நின்றது. மணலில் கால் நீட்டி, சீலாமீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தார்கள் அவர் மனைவியும் மாமியாரும். சவேரியம்மாவுக்குத் தினமும் போணி பண்ணுகிற வீடு அது. பிடித்த கையோடு கரையிலேயே வைக்கிற குழம்புக்கு அவள் கூப்பிட்டால் வராமலிருப்பார்களா?

"மாப்ளே, மெயின் ரோட்டுலருந்து நடந்து கால் வெந்துபோச்சு" என்றார் மாமியார். "இந்த ஊருக்கு பஸ் விடாத புண்ணியவான் யாரு?"

மறுவாரமே சங்குமேட்டுக்குள் பஸ் வந்து நின்றது. குழம்பு வாங்கக் காலித் தூக்குச்சட்டியோடு மாமியார் சீட்டிலிருந்து எழுந்தார்.

"டூரிஸ்டுக்கு வழி விடுங்கப்பா!" என்று கூவிக்கொண்டே பஸ்ஸில் ஏறிய சவேரியம்மா, அவர் எழுந்த சீட்டில் மீன்கூடையோடு உட்கார்ந்தாள்.