நிற்காத வெள்ள முரசு

இப்போதைக்குக் காதை மட்டும் கொடுங்கள். நம்புவதா வேண்டாமா என்பதைக் கதை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெகு காலத்துக்கு முன்னால் ஆற்றிடைமங்கலம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ராஜா கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறை குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி ஒருவரைத் தலைவராக எடுப்பார்கள். எதைச் செய்தாலும் அவர் முப்பது பேர் கொண்ட சபையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆறு பொங்கி வரும்போது சபை கூடிப் பேசிக்கொண்டிருக்க நேரம் ஏது? ஆகவே முன்னோர்கள் கல்லில் வெட்டிவைத்தார்கள்: 'வெள்ளம் வந்தால் தலைவர் முரசு அடிக்கச் சொல்லலாம். முரசு ஒலித்துக்கொண்டிருக்கும் வரை சபை கூடலாகாது. தலைவர் சொல்லே சட்டம்.'

முரசை யார் நிறுத்துவது என்று வெட்டவில்லை. வெள்ளம் வடிந்த பிறகும் ஒருவர் முரசு அடிக்கச் சொல்வார் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஊரில் எயினி என்று ஒரு பரிசல்காரி இருந்தாள். கணவன் படுத்த படுக்கை. ஒற்றைப் பரிசல்தான் இருவருக்கும் சோறு.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. அந்த ஆண்டுத் தலைவர் ஐயாறன் முரசு அடிக்கச் சொன்னார். முதல் நாள் கரையை அடைக்க ஆட்களை அழைத்தார். நல்லது என்றார்கள். இரண்டாம் நாள் பரிசல்களையெல்லாம் எடுத்துக்கொண்டார். சரி என்றார்கள். மூன்றாம் நாள் ஊர்க் களஞ்சியத்துச் சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எயினி மட்டும் அவர் செருகிய விதத்தைப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கப் போகிறவர் அவ்வளவு இறுக்கமாகச் செருகமாட்டார் என்று நினைத்தாள்.

எட்டாம் நாள் வெள்ளம் வடிந்தது. முரசு ஒலித்தது. கார்த்திகையில் மணல்திட்டில் ஆடுகள் மேய்ந்தன. முரசு ஒலித்தது. தையில் குடவோலை நாள் வந்து போனது; சபையே கூடவில்லை, குடத்தை யார் எடுப்பது? முரசு ஒலித்தது.

எயினி பரிசலைக் கேட்கப் போனாள்.

"மழை மறுபடி வராது என்று உனக்கு யார் சொன்னது?" என்றார் ஐயாறன்.

"வந்தால் கொடுத்துவிடுகிறேன் ஐயா. அதுவரை ஆள் ஏற்றிப் பிழைத்துக்கொள்கிறேனே."

"ஊர் நன்மைக்காக அல்லவா வைத்திருக்கிறேன்."

"என் பரிசலில் உங்கள் மைத்துனர் ஆள் ஏற்றுகிறாரே, அதுவும் ஊர் நன்மைக்குத்தானா ஐயா?"

ஐயாறன் சிரித்தார். "முரசு ஒலிக்கிறது, காதில் விழவில்லையா?" என்றார்.

கல்லுக்குப் பொருள் சொல்லும் புலவர்கள் இருவர் அந்த ஊரில் உண்டு. எயினி அவர்களிடம் போனாள்.

"கல் தடுக்காததெல்லாம் தலைவர் செய்யலாம்" என்றார் பூதனார். அவர் வீட்டு அடுப்பில் களஞ்சியத்துச் சம்பா மணத்ததை எயினி கவனித்தாள்.

"கல் கொடுக்காத எதையும் தலைவர் செய்யலாகாது" என்றார் திருவடியார். அவர் வீட்டில் கூழ்தான். இருவரும் மூன்று நாள் வாதாடினார்கள்.

எயினி குறுக்கிட்டாள். "வெள்ளம் உண்டா இல்லையா என்று சொல்வது யார்?"

"தலைவர்."

"அவர் பொய் சொன்னால்?"

"சபை கேட்கும்."

"சபை எப்போது கூடும்?"

"முரசு நின்ற பிறகு."

"நிறுத்துவது யார்?"

பூதனார் தாடியைத் தடவினார். "தலைவர்தான்" என்றார்.

"நல்லது. இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைத் திரும்ப அவர் வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள். கல்லின் அடியில் இன்னும் சில வரிகள் இருக்கின்றனவே, அவை என்ன?"

"அவை ஜனங்களுக்கு" என்றார் திருவடியார். "முரசு ஒலித்துக்கொண்டிருக்கும் வரை தலைவரும் முரசடிப்பவர்களும் தவிர யாரும் தாழ்வில் தங்கலாகாது, எல்லோரும் குன்றின்மேல் ஏறிவிட வேண்டும் என்று இருக்கிறது. வடிந்ததும் நீங்களாகவே இறங்கி வந்துவிட்டீர்கள்."

"அப்படியானால் இத்தனை நாளும் சட்டத்தை மீறியது நாங்கள்தான்" என்றாள் எயினி.

மறுநாள் காலையில் கணவனைக் கட்டிலோடு தூக்க இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு அவள் குன்றில் ஏறினாள். முதலில் அவள் தெரு பின்னால் போனது. பிறகு வயலில் வேலை செய்பவர்கள் போனார்கள். பிறகு சபையார் முப்பது பேரும், தலைவர் வீட்டுச் சமையல்காரரும் காவலாளிகளும்கூடப் போனார்கள். சட்டத்தை மதித்துப் போகிறவர்களை எந்தச் சட்டத்தைச் சொல்லித் தடுப்பது? கீழே ஐயாறனும் முரசடிக்கிற ஆறு பேரும் மிஞ்சினார்கள். சாவி அவர் மடியில்தான் இருந்தது; நெல் குத்த ஆள் இல்லை.

மூன்றாம் நாள் ஐயாறன் குன்றின் அடிவாரத்துக்கு வந்தார். முரசடிப்பவர்களும் அடித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

"கதிர் முற்றிச் சாய்கிறது. இறங்கி வாருங்கள்."

"எப்படி ஐயா வருவது? வெள்ளம் இருக்கிறதே" என்றாள் எயினி.

"எந்த வெள்ளம்? வயலில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. பயப்பட ஒன்றுமே இல்லை, வாருங்கள்."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது. முப்பது பேருக்கும் கேட்டது. முரசடிப்பவர்களில் மூத்தவன் கையை நிறுத்தினான். "வெள்ளம் இல்லையென்றால் நாங்கள் எதற்கு அடிக்கிறோம் ஐயா? தோள் கழன்றுவிட்டது" என்று சொல்லிக் கோலைக் கீழே வைத்தான். மற்ற ஐந்து பேரும் வைத்தார்கள்.

சபை குன்றின்மேலேயே கூடியது. குடம் வந்தது, புதுத் தலைவர் வந்தார். எயினிக்குப் பரிசல் திரும்பி வந்தது, ஒரு பக்கம் கிழிந்து.

புதுத் தலைவர் நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். "நான் இருக்கும்போது அப்படி நடக்குமா? கல்லில் புது வரி எதற்கு?" என்று அவரும் சொன்னார்.

"ஐயாறனும் ஏழு நாள் வரை நல்லவர்தான் ஐயா" என்றாள் எயினி.

'எட்டாம் நாளுக்கு மேல் முரசு ஒலிக்க வேண்டுமானால் சபை சொல்ல வேண்டும். முரசு ஒலித்தாலும் சபை கூடலாம்' என்று கல்லில் வெட்டினார்கள். கடைசி எழுத்து வெட்டி முடியும் வரை எயினி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இதிலிருந்து தெரிய வேண்டியது இதுதான்: ஆபத்துக் காலத்துக்கென்று ஒருவரிடம் அதிகாரத்தைக் கொடுப்பவர்கள், ஆபத்து தீர்ந்துவிட்டது என்று சொல்லும் உரிமையையும் அவரிடமே விட்டுவிடக் கூடாது.