இருபத்தைந்தாவது மாடியிலிருந்து விழுந்தவன்

தியேட்டரே எழுந்து நின்று விசில் அடித்தபோது, நடு வரிசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தபடி மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் அறவாழி. திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷமாக இயற்பியல் நடத்துகிறவர்.

திரையில் மேகவல்லி என்கிற பறக்கும் வீராங்கனை, இருபத்தைந்தாவது மாடியிலிருந்து விழுந்த ஒருவனைத் தரைக்கு இரண்டடி மேலே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் தலைமுடிகூடக் கலையவில்லை.

"செத்துட்டான்யா அவன்," என்றார் அறவாழி, வாய்விட்டு. "தரையில விழுந்தா என்ன, அவ கையில விழுந்தா என்ன? அந்த வேகத்துல ரெண்டும் ஒண்ணுதான்."

முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்த்தான். "பெருசு, கம்முனு படத்தப் பாரு."

அறவாழிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவரைத் தூங்கவிடாமல் செய்தது அந்த முன்வரிசைக்காரன் இல்லை, மேகவல்லியும் இல்லை. மேகவல்லி கையை நீட்டியபோது தியேட்டர் முழுக்க நாற்காலி நுனிக்கு வந்ததே, அதுதான். முப்பது வருஷத்தில் அவர் வகுப்பில் ஒருத்தன்கூட நாற்காலி நுனிக்கு வந்ததில்லை. பிள்ளைகள் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "சார், இது பரீட்சைக்கு வருமா?" அப்புறம் என்ன ஆச்சு சார் என்று ஒரு ஜீவன்கூடக் கேட்டதில்லை. அதை நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. வயதான ஆம்பளை, போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு அழுதார்.

கதை சொல்லக் கற்றுக்கொள்ள விருப்ப ஓய்வு வாங்கினார். "உங்களுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு," என்றாள் மனைவி செண்பகவல்லி. சொல்லிவிட்டு இட்லிப் பொடியைக் கட்டிப் பெட்டியில் வைத்தாள். அவர் சென்னைக்குப் போனார்.

மேகவல்லி படமாவதற்கு முன்னால் படக்கதைப் புத்தகம். அதை எழுதி வரைந்தவள் சாருமதி. அறவாழிக்கு மகள் வயது. ராயப்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது அவள் படக்கதை வரையும் கூடம். அங்கே எல்லாரும் அவளை "மாஸ்டர்" என்றார்கள். அறவாழியும் அப்படியே கூப்பிட்டு, கதை கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். அவள் சரி என்றாள்.

முதல் நாளே கேள்வியை எடுத்து வைத்தார்.

"மாஸ்டர், பொய்யான விஞ்ஞானத்த வச்சு நெஜமான கதை சொல்ல முடியுமா?"

சாருமதி ஜன்னலோரம் நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "கயித்துல தொங்கவிட்டுப் பாத்துடலாம் சார்," என்றாள்.

கயிறு அந்தக் கூடத்தின் வழக்கம். புதுக்கதை எழுதினால் பக்கங்களைத் துணி கிளிப் போட்டு வரிசையாகக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். எழுதியவர் பக்கத்தில் நின்று கதையைச் சொல்ல வேண்டும். வண்ணம் தீட்டும் அந்தோணிசாமியும் எழுத்துப் போடும் ஜமுனாவும் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்கும்போது அவர்கள் வாயில் "எப்படி?" என்று வந்துவிட்டால் அந்தப் பக்கத்தைக் கழற்றிக் கவிழ்த்துவிட வேண்டும். "அப்புறம்?" என்று வந்தால் பக்கம் பிழைத்தது. மாஸ்டர் மட்டும் ஜன்னலோரம் நிற்பாள். அவள் இதுவரை யாரிடமும் "எப்படி?" என்றோ "அப்புறம்?" என்றோ கேட்டதில்லை. மூன்று தடவை கவிழ்ந்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அறவாழியின் முதல் கதை ஒரே நாளில் கவிழ்ந்தது. அதில் மேகவல்லி பறக்கவே இல்லை. பறக்க முடியாது என்பதற்கான காரணங்களைச் சொன்னாள்.

இரண்டாவது கதையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவளைப் பறக்கவிட்டார். ஆனால் சும்மா விடுவாரா? அவள் தோலுக்கடியில் காந்த இழைகள், பூமியின் காந்தப்புலம், இடுப்பில் மின்கலம் என்று நான்கு பக்கம் விளக்கம் போட்டார்.

"அந்த மின்கலம் சூடாகாதா? எப்படித் தாங்குறா?" என்றார் அந்தோணிசாமி.

அறவாழி விளக்கினார்.

"அப்ப மழையில எப்படி சார்?" என்றாள் ஜமுனா.

அதையும் விளக்கினார். விளக்க விளக்கக் கேள்வி குட்டி போட்டது. கடைசியில் கயிற்றில் கிளிப்புகள் மட்டும் மிஞ்சின.

"இது என்ன நியாயம் மாஸ்டர்?" அறவாழிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க புத்தகத்துல 'மேகவல்லி பறந்தாள்'னு ஒத்த வரி. படிச்சவன் ஒருத்தன்கூட ஏன், எப்படின்னு கேக்கல. நான் இவ்வளவு சொல்றேன், என்னைய மட்டும் குடையுறாங்க."

"அவ பறக்குறதுக்கு நான் மன்னிப்புக் கேக்கலையே சார்," என்றாள் சாருமதி.

அறவாழி கிளிப்புகளைக் கழற்றி வைத்தார். தங்கியிருந்த அறைக்கு வந்து இட்லிப் பொடி டப்பாவைத் திறந்து பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. தோற்றுப்போய் ஊருக்குத் திரும்பினால் செண்பகவல்லி ஒன்றும் சொல்லமாட்டாள். அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

மூன்றாவது தடவை அவர் தன் கோபத்தையே கதையாக்கினார். அதே கட்டடம். கண்ணாடி துடைக்கிறவன் ஒருவன் இருபத்தைந்தாவது மாடியிலிருந்து தவறி விழுகிறான். மேகவல்லி கீழே போய்க் கையை ஏந்திக்கொண்டு நிற்கவில்லை. அப்படி நின்றால் அவன் எலும்பு மிஞ்சாது. அவள் மேலிருந்து பாய்ந்து அவனை எட்டிப்பிடிக்கிறாள். அவன் விழுகிற அதே வேகத்தில் அவன் பக்கத்திலேயே, கூடவே விழுகிறாள். தோளை அணைத்துக்கொள்கிறாள். கடைசி எட்டு மாடிகளில்தான் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவனைத் தரையில் இறக்குகிறாள்.

விஞ்ஞானம் சுத்தம். அறவாழிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த கையோடு படத்தைச் சுற்றி இருந்த வெள்ளை இடமெல்லாம் அம்புக்குறிகளையும் கட்டங்களையும் போட்டு நிரப்பிவிட்டார். ஆசிரியர் கை, சும்மா இருக்குமா?

கயிற்றில் தொங்கவிட்டார். சொல்ல ஆரம்பித்தார். முதல் பக்கம் பிழைத்தது. கண்ணாடிக்காரனின் கால் வழுக்கியபோது ஜமுனா "அப்புறம்?" என்றாள். அறவாழிக்குக் காதில் தேன் பாய்ந்தது.

இருவரும் சேர்ந்து விழும் பக்கத்துக்கு வந்தார். அம்புக்குறிகளைச் சொன்னார். கட்டங்களைச் சொன்னார். வேகம் குறைகிற விகிதத்தைச் சொன்னார். அந்தோணிசாமி மோவாயைச் சொறிந்தார். அவர் உதடு "எ" என்று விரிவதை அறவாழி பார்த்தார். முப்பது வருஷமாகப் பார்த்த முகம் அது. பாடம் முடிய எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்க்கிற முகம். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

சாருமதி கடலையை வைத்துவிட்டு ஜன்னலை விட்டு வந்தாள். அந்தப் பக்கத்தைக் கயிற்றிலிருந்து எடுத்தாள். கத்தரிக்கோலால் அம்புக்குறிகளை வெட்டினாள். கட்டங்களை வெட்டினாள். வெட்டியதெல்லாம் அறவாழியின் காலடியில் விழுந்தது. மிச்சத்தை மறுபடி தொங்கவிட்டாள்.

இப்போது அதில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் மட்டும் இருந்தார்கள். நடுவானத்தில், பக்கத்தில் பக்கத்தில்.

"இதெல்லாம் தப்பா மாஸ்டர்?" என்றார் அறவாழி, காலடியைக் காட்டி.

"எல்லாம் சரி. சரியா இருக்கப் போயித்தானே இவங்க சேந்து விழுறாங்க."

"அப்ப ஏன் வெட்டுனீங்க?"

"பதினேழு மாடி கூடவே விழுறா சார். அவன்கிட்ட என்ன சொன்னா?"

"சொல்றதுக்கு எங்க நேரம்? மூணு வினாடிதான்."

"நான் நேரம் கேக்கல சார்."

அவள் ஜன்னலுக்குத் திரும்பிப் போய்க் கடலையை எடுத்துக்கொண்டாள்.

அறவாழி படத்தைப் பார்த்தார். இந்தப் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறார். இரண்டு கல், ஒரே வேகம். ஒரு கல்லிலிருந்து பார்த்தால் அடுத்த கல் அசையாமல் நிற்கும். எழுதிக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வரும். இப்போது ஒரு கல்லுக்கு முகம் இருந்தது. கண்ணாடி துடைக்கிறவன், வாயைத் திறந்து, கத்தவும் முடியாமல், கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க அறவாழிக்கு, ஐயோ பாவம், இவனிடம் யாராவது ஏதாவது சொல்லுங்களேன் என்று இருந்தது.

யாரும் சொல்லவில்லை. அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"கீழ பாக்காத," என்றார் அறவாழி. வகுப்புக் குரல் இல்லை அது. "என்னையப் பாருங்குறா மேகவல்லி. அவன் கஷ்டப்பட்டுக் கழுத்தத் திருப்பிப் பாக்குறான். நல்லாப் பாரு, நான் நகர்றேனான்னு கேக்குறா."

ஜமுனா படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இல்லங்குறான் அவன். அவனுக்கு அவ அசையாம நிக்கிற மாதிரிதான் தெரியுது. எதிர்ல வந்து உக்காந்த மாதிரி." அறவாழி படத்தில் அவன் முகத்தைத் தொட்டார். "நான் நிக்கிறேன்ல, நீ என் பக்கத்துலதான இருக்க, அப்ப நீயும் நிக்கிறங்குறா. நீ விழலடாங்குறா."

அவர் நிறுத்தினார். அடுத்து என்ன என்று அவருக்கே தெரியவில்லை.

அந்தோணிசாமியின் கை மோவாயிலேயே நின்றுவிட்டது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எப்போது முன்னால் நகர்ந்து வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. ஜமுனா இரண்டு முழங்கால்களையும் கட்டிக்கொண்டிருந்தாள்.

அறவாழி ஜன்னல் பக்கம் திரும்பினார். முதல் நாள் கேட்ட கேள்வி அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கேட்கவில்லை.

சாருமதி உரித்த கடலையை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம்?" என்றாள்.