பனிக்குள் ஒரு ‘உள்ளேன் ஐயா’

தாமரைக்குளத்துக் கொக்கு வாத்தியாருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் பள்ளியில் ஒரு பிள்ளைகூட மட்டம் போட்டதில்லை!

அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

பள்ளி என்றால் குளம்தான். பாடமும் ஒன்றே ஒன்றுதான். தண்ணீரில் ஒற்றைக்காலில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். முயல் வந்தாலும் அதுதான், அணில் வந்தாலும் அதுதான். காட்டில் வேறு பள்ளி இல்லை. ஆகவே பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து தண்ணீரில் இறக்கிவிட்டுப் போவார்கள்.

“குளிருது ஐயா!” என்று துத்தி என்ற முயல்குட்டி ஒருநாள் அழுதாள். “நான் கரையில குழி தோண்டக் கத்துக்கட்டுமா?”

“குழி தோண்டுவது ஒரு படிப்பா? நான் நிற்கவில்லை? நில்!” என்று அதட்டினார் வாத்தியார்.

பேர் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். ஒற்றைக்காலில் நின்றால் அவருக்குக் கண் தானாகச் செருகிவிடும்; பள்ளி விடும்வரை திறக்காது. பேரைச் சொல்வார். “உள்ளேன் ஐயா!” என்று குரல் வரும். அது போதும் அவருக்கு.

மார்கழி மாதம் ஒரு காலை. குளம் முழுக்கப் பனிமூட்டம். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு முப்பது பேரை வாசித்தார். முப்பது குரலும் வந்தன. ஆனால் அன்று அவருக்கு என்னவோ உறுத்தியது. முப்பது பிள்ளைகள் நிற்கிற குளத்தில் ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லையே!

அப்போது துத்தியின் தாய் கரையோரமாக ஓடிவந்தாள்.

“வாத்தியாரே! நேத்துக் காலையில பள்ளிக்கூடம் வந்த எம்புள்ள வீடு திரும்பலை!”

“என்னம்மா உளறுகிறீர்கள்? இப்போதுதானே ‘உள்ளேன் ஐயா’ என்றாள்!”

“எங்கே, இன்னொரு தடவை கூப்பிடுங்க!”

“துத்தி!”

“உள்ளேன் ஐயா!”

அவள் குரலேதான். தாய் தடாலென்று தண்ணீரில் பாய்ந்து குரல் வந்த பக்கம் ஓடினாள். அங்கே யாரும் இல்லை. வாத்தியார் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை “உள்ளேன் ஐயா!” அவள் தலைக்கு மேலேயிருந்து வந்தது.

“குரல் இருக்கு, புள்ளையக் காணோமே!” என்று கதறியபடி தாய் கரையேறினாள்.

வாத்தியார் கண்ணைத் திறந்தார். வெயில் ஏற ஏறப் பனி விலகியது. குளம் அப்படியே கண்ணாடிபோல் கிடந்தது. ஓர் அலை இல்லை. ஒரு தலை இல்லை. பதறிப்போய் அணிலைக் கூப்பிட்டார். “உள்ளேன் ஐயா!” பெருச்சாளி மகள் பொந்தியைக் கூப்பிட்டார். “உள்ளேன் ஐயா!” யாரும் இல்லாத குளத்திலிருந்து எல்லாரும் பதில் சொன்னார்கள். அவர் இறகெல்லாம் சிலிர்த்து நின்றது.

குளத்தின் மேல் சாய்ந்த கருவேல மரக்கிளையில், அவர் பள்ளிப் பிள்ளையான கரிச்சான் குருவி மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எந்தக் குரலையும் அப்படியே எடுத்துப் பேசுகிறவன் அவன்.

“நான்தான் ஐயா. ‘எனக்கும் சேர்த்துச் சொல்லிடு’ன்னு ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. ஐப்பசியில இருந்து நான் ஒருத்தன்தான்.”

“நீ மட்டும் ஏன் போகவில்லை?”

“நானும் போயிட்டா நீங்க தனியா நிப்பீங்களே ஐயா!”

இரண்டு மாதமாக வெறும் தண்ணீருக்கா பாடம் நடத்தினோம்! அவமானம் வாத்தியாரைப் பிடுங்கித் தின்றது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை.

“துத்தி எங்கேடா?”

“வீட்டுக்குப் போனா அம்மா அடிப்பாங்கன்னு, பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் இங்கதான் எங்கயோ ஒளிஞ்சிருப்பா. எங்கன்னு தெரியாது ஐயா!”

வாத்தியார் கரையேறினார். “நீ வாயைத் திறக்காதே!” என்று கரிச்சானிடம் சொல்லிவிட்டுக் கூப்பிட்டார்.

“துத்தி!”

சத்தமே இல்லை. பிறகு மெல்ல, மிக மெல்ல ஒரு குரல்.

“உள்ளேன்... ஐயா...”

“மறுபடியுமா!” என்று வாத்தியார் சீறினார்.

“நான் இல்லை ஐயா! சத்தியமா நான் இல்லை!”

குரல் அவர் காலடியிலிருந்து வந்தது. மண்ணுக்குள்ளிருந்து!

குளிருக்குப் பயந்து கரையில் வளை தோண்டி ஒளிந்திருக்கிறாள் துத்தி. ஈரமண் சரிந்து வளையின் வாயை மூடிவிட்டது. வாத்தியார் அலகால் கொத்திப் பார்த்தார். குழி தோண்டுவது ஒரு படிப்பா என்று கேட்ட வாய் மண்ணைக் கவ்வியது. தாய் மேலிருந்து பறிக்கப் பறிக்க, மண் இன்னும் உள்ளே சரிந்தது.

கரிச்சான் காட்டுக்குள் பறந்தான். அன்றுதான் அவன் தன் சொந்தக் குரலில் கத்தினான். கேட்டவுடன் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தண்ணீரில் நிற்கத் தெரியாத மக்கு என்று வாத்தியாரிடம் தினமும் திட்டு வாங்கிய பொந்தி முன்னால் வந்தாள்.

“மேலேருந்து தோண்டாதீங்க! சரிவுல இருந்து குடைஞ்சு போகணும்!”

சொன்னபடியே குடைந்து உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துத் துத்தியை இழுத்துக்கொண்டு வந்தாள். உடம்பெல்லாம் மண். கண் திறக்கவில்லை. தாய் நக்கி நக்கி உடம்பைச் சூடாக்கினாள்.

“துத்தி...” என்றார் வாத்தியார்.

“உள்ளேன் ஐயா,” என்றாள் துத்தி, கண்ணைத் திறந்து. வாத்தியார் பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டார்.

மறுநாள் அவர் பேர் வாசிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக அருகே போய், “உனக்கு என்ன படிக்கணும்?” என்று கேட்டார். கரையில் பொந்தி குழி தோண்டச் சொல்லிக்கொடுத்தாள். மரத்தில் ஏறுகிறவர்கள் ஏறினார்கள். தண்ணீர் பிடித்தவர்கள் தண்ணீரில் நின்றார்கள். பனி மூடிய காலைகளில் மட்டும் வாத்தியார் தரையில் காதை வைத்துக் கொஞ்சநேரம் கேட்பார். அந்தப் பயம் அவரை விட்டுப் போகவே இல்லை.

பேரை மட்டும் கூப்பிடும் பள்ளிக்குக் குரல் மட்டும்தான் வரும்; பிள்ளை வரவேண்டுமானால், பிள்ளைக்கு ஏற்றபடி பள்ளிதான் மாறவேண்டும்.