மணி கேட்டால் போதும்

"இந்த ரூம்ல ஒரு குரல்கூடக் கேக்க மாட்டேங்குது மேடம். என்னை மறுபடி லைனுக்கே அனுப்பிடுங்க" என்றார் தணிகாசலம்.

பாதி ஆயுளைத் தொலைபேசிக் கம்பத்தில் கழித்தவர். பதவி உயர்வு அவரை, அழைப்புகள் போகும் வழியைத் திரையில் கவனிக்கும் எக்ஸ்சேஞ்சின் சிக்னல் அறைக்குள் தள்ளிவிட்டது. அங்கே அவருக்குப் பாடம் சொல்ல வாய்த்த சகாயமேரி, வயதில் அவரைவிடச் சின்னவர். பேச்சில் மகா கஞ்சம்.

"யார் குரல் கேக்கணும்?"

"என் மக குரல்தான். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டு புனே போனவ. தினம் கூப்பிடுறேன், எடுக்கவே மாட்டேங்கிறா. கல்நெஞ்சுக்காரி."

"இப்பக் கூப்பிடுங்க."

சகாயமேரி திரையை அவர் பக்கம் திருப்பினார்.

தணிகாசலம் போனில் மகளின் எண்ணை அழுத்தினார். காதில் சத்தம் வருமுன்பே திரையில் வரிகள் ஓடின.

"என்ன இது?"

"தூது. இன்னார் இன்னாரைக் கூப்பிடுறார், வழி இருக்கான்னு ஊர் ஊரா கேட்டுக்கிட்டுப் போகுது."

"நான் இன்னும் பேசவே இல்லையே!"

"இது போய்ச் சேர்ந்தாத்தான் நீங்க பேச முடியும்."

இன்னொரு வரி வந்தது.

"அவங்க போன் சும்மாதான் இருக்கு. மணி அடிக்குது. புனே வரைக்கும் உங்களுக்குன்னு வழி ஒதுக்கியாச்சு."

தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. வாயே திறக்காத ஒருவனுக்காக, முகம் தெரியாத ஊர்களில் எத்தனை கதவு திறக்கிறது! இத்தனை காலம் கம்பியைத் தொட்டும் இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது.

காதில் மணி இரண்டு முறை கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

"பாத்தீங்களா மேடம்? எடுக்கல."

சகாயமேரி திரையின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

'அழைப்பு முடிந்தது. முடித்தவர்: அழைத்தவர்.'

தணிகாசலம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"எப்பவும் இப்படித்தான் வைப்பீங்களா?"

"லைன்மேன் பழக்கம் மேடம். மணி கேட்டா போதும், வெச்சிட்டு அடுத்த லைனுக்குப் போயிடுவோம்."

"மணி எதுக்குக் கேக்கணும்?"

"லைன் நல்லாருக்கான்னு பாக்கத்தான்..."



மறுபடி எண்ணை அழுத்தினார். கை பழகிய வேலையை மனசைக் கேட்டா செய்யும்? வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

திரையில் ஒரு புது வரி வந்தது. அவர் இதுவரை பார்த்திராத வரி.

'எடுத்தாயிற்று.'

"அப்பா, வெச்சிடாதீங்க!" மூச்சிரைத்தது அந்தக் குரலுக்கு. "தினமும் நான் ஓடி வர்றதுக்குள்ள வெச்சிடுறீங்க."